கேஸ் தீர்வதில்லை

(செப்டம்பர் 16, உலக ஓசோன் நாளையொட்டிப் பூவாரில் நடந்த கூட்டத்தில் கார் ஏசி மெக்கானிக் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வருகிற வழியில் பொழிமுகத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அகத்தியர் மலையில் பிறந்த நெய்யாறு நம்முடைய பூவாரில்தான் கடலைத் தொடுகிறது. மணல்திட்டு அடைத்துக் கிடக்கும் நாட்களில் ஆறு குளம்போல நிற்கும். மழை பெருகினால் பொழி முறியும். முறிந்து கடலுக்குள் போன தண்ணீரைக் குடத்தில் அள்ளி மறுபடி ஆற்றில் ஊற்ற யாராலும் ஆகாது. இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் தொழிலிலும் அப்படி ஒரு பொழி உண்டு. கார் ஏசியின் குழாயில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வால்வு. அதன் ஊசியை அழுத்தினால் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இருந்த கேஸ் முழுவதும் போய்விடும். போனது போனதுதான். அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் 1989-ல் ஐடிஐ முடித்து இந்த வேலைக்கு வந்தவன். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில்தான் என் வாழ்க்கை. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை பிரித்தபோது விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமும் ஆயின. என் பட்டறைக்கு மட்டும் எல்லை கிடையாது. டிஎன் 75 வண்டி ஒன்று நிற்கும், பக்கத்திலேயே கேஎல் 20 வண்டி நிற்கும். ஒருவர் தமிழில் சொல்லுவார், ஒருவர் மலையாளத்தில் சொல்லுவார், பெரும்பாலானவர்கள் இரண்டையும் கலந்து சொல்லுவார்கள். ஆனால் எந்த மொழியில் சொன்னாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "கேஸ் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் அடிச்சு விடணும்."

அந்த வார்த்தை தவறு. நான் இன்று சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். கார் ஏசியில் கேஸ் தீர்வதில்லை. பெட்ரோல் எரிந்து தீரும், பிரேக் கட்டை தேய்ந்து தீரும். ஏசி கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்து வெளியே போயிருக்கிறது என்றுதான் பொருள்.

சுற்றிவருவது எப்படி என்று இரண்டு வரியில் சொல்கிறேன். வெயிலில் வேலை செய்து வியர்த்தவர் கடற்காற்றில் நின்றால் உடம்பு குளிர்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். காரிலே டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரவமாக வரும் கேஸ் ஆவியாகி, வண்டிக்குள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து நெருக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை வெளிக்காற்றில் இறக்கிவைத்துவிட்டு அது மறுபடி திரவமாகிறது. டிரையர் என்ற குப்பியில் ஈரம் உறிஞ்சப்படுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாக அது மீண்டும் காயிலுக்குள் பீய்ச்சப்படுகிறது. இவ்வளவுதான். இந்தச் சுற்றில் கேஸோடு கூட எண்ணெயும் ஓடுகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

இனி ஒரு வண்டியின் கதை. கோவளத்தில் இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களைப் பூவார் படகுத்துறைக்குக் கூட்டிவரும் டாக்சிக்காரர் ஒருவர், தொண்ணூறுகளில் வந்த கான்டெசா ஒன்றை வைத்திருந்தார். வெள்ளை வண்டி. பெற்ற பிள்ளையைப்போல வைத்திருந்தார். ஒரு பங்குனி மாதம், நட்டுச்சை வெயிலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆசானே, ரெண்டு மாசம் முன்னாடி புது கேஸுக்கு மாத்தினதாக்கும். முதல் வாரம் நல்லா குளிர்ந்துது. அப்புறம் ஒரு சத்தம் வந்துது. இப்போ காத்து சுடுது."

"என்ன மாத்தினாங்க அண்ணே? எண்ணெய் மாத்தினாங்களா? டிரையர்?"

"கேஸ் மாத்தினாங்க. வேற என்ன மாத்தணும்?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தச் சொற்பொழிவு. பதில் சொல்லத் தொடங்கினால் பூவாரில் நிற்காது, கொடைக்கானல் மலைக்கும் அன்டார்க்டிகாவுக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கான்டெசாவில் முதலில் இருந்தது ஆர்-12. அது வருவதற்கு முன் குளிர்பெட்டிகளில் அமோனியாவும் சல்ஃபர் டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் ஓடின. அமோனியா எப்படி இருக்கும் என்று மீன்பிடித் துறைகளில் ஐஸ் பிளாண்ட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். லேசாகக் கசிந்தாலே கண் எரியும், மூச்சு முட்டும். வீட்டுக்குள் வைத்தால் ஆபத்தான பொருட்கள் அவை. 1928-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு மாற்றாக ஆர்-12-ஐக் கொண்டுவந்தார்கள். நாறாது, எரியாது, நஞ்சு இல்லை. 1930-ல் வேதியியலாளர்கள் கூடிய மேடையில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அன்றைக்கு அது பெரிய வரம்தான். வீட்டு ஃபிரிஜ், சினிமாக் கொட்டகை, ரயில், கார் என்று உலகமெல்லாம் ஆர்-12 ஓடியது.

அதே 1928-ல் நம் பக்கத்தில் இன்னொரு காரியம் நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி டாப்சன், வானத்து ஓசோனை அளக்கும் கருவிகளை உலகத்தின் சில ஊர்களுக்கு அனுப்பினார். எகிப்து, கலிஃபோர்னியா, நியூசிலாந்து, அவற்றோடு நம்முடைய கொடைக்கானல். சூரிய ஒளியை அளந்து, தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று மலைமேல் இருக்கும் அந்த வான்நோக்கு நிலையத்தில் குறித்தார்கள். ஓசோனை அழிக்கப்போகிற வாயு ஒரு கண்டத்தில் பிறந்த அதே காலத்தில், அந்த ஓசோனை அளக்கும் கருவி பழநி மலைத்தொடரில் வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் உறவு உண்டு என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. தெரிவதற்கு 46 ஆண்டுகள் ஆயின.

1974 ஜூனில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்த உறவை எழுதினார்கள். ஆர்-12 எதோடும் சேராது, மழையில் கரையாது. வீட்டுக்குள் அது நல்ல குணம். வானத்தில் அதுவே கேடு. கீழ்க்காற்றில் எதுவும் அதை உடைக்காததால் அது மெல்ல மேலே ஏறி, ஓசோன் அடுக்கைத் தாண்டும் உயரத்தில் புற ஊதாக் கதிர் பட்டு உடைகிறது. உடையும்போது குளோரின் அணு பிரிகிறது. அப்படிப்பட்ட ஒரு குளோரின் அணு, தான் செயலிழப்பதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்க வல்லது. 1985-ல் ஜோ ஃபார்மன் என்ற விஞ்ஞானியும் அவருடைய இரண்டு தோழர்களும், அன்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் டாப்சன் கருவியை வைத்து அளந்த கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே வானத்து ஓசோன் பெருமளவு குறைந்துபோகிறது என்று அந்தக் கணக்கு காட்டியது. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும், அவர்களுக்கு முன்னே இந்தத் துறையில் வழிகாட்டிய பால் க்ரட்சனுக்கும் 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓசோன் போனால் நமக்கென்ன என்று கேட்கக்கூடாது. நாள் முழுவதும் கடல்மேல் நிற்கிற மீனவருக்குத்தான் அது முதல் கேடு. வெயிலின் புற ஊதாக் கதிர் கூடினால் கண்புரை வரும், தோல் புற்று வரும். கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பாதிக்கப்படும். மத்தியும் நெத்திலியும் அந்தச் சங்கிலியில்தான் வளர்கின்றன.

உலகம் அந்த முறை தூங்கவில்லை. 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியாலில் நாடுகள் கூடி, ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் குறைக்க உடன்படிக்கை செய்தன. அந்த நாளைத்தான் இன்று நினைக்கிறோம். இந்தியா உடனே கையெழுத்திடவில்லை. அதில் நியாயம் இருந்தது. பணக்கார நாடுகள் ஐம்பது ஆண்டு குளிர்ந்துவிட்டு, எங்களை இன்றே நிறுத்து என்றால் மாற்றுக்கான செலவை யார் தருவது? 1990-ல் லண்டனில் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பொது நிதி ஏற்பட்டது. 1992-ல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. அன்று நம் நாட்டில் ஆர்-12 போன்ற வாயுக்களைத் தயாரித்தவை நான்கு நிறுவனங்கள். அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டில், மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். அந்த உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த 1999-ல் 8 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. 2000-ல் ஓசோன் விதிகள் சட்டமாயின. 2003 முதல் புதுக் கருவிகளில் இந்த வாயு கூடாது என்றானது. 2008 ஆகஸ்ட் 1-ல், கெடு 2010 வரை இருந்தும் 17 மாதம் முன்னதாகவே, இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. நம் நாடு சொன்ன சொல்லைக் கெடுவுக்கு முன்னே காத்த காரியங்களில் இது ஒன்று. இதைப் பெருமையோடு சொல்கிறேன்.

தொழிற்சாலை நின்றது. ஆனால் தெருவில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் பழைய வாயு இருந்ததே! அம்பாசடர், பத்மினி, மாருதி 800, கான்டெசா, வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்த வண்டிகள். வெள்ளைச் சிலிண்டரில் வந்த ஆர்-12 கடைகளில் அருகியது, விலை ஏறியது. வெளிர்நீலச் சிலிண்டரில் ஆர்-134ஏ வந்தது. இதில் குளோரின் கிடையாது, ஓசோனைத் தொடாது. நம் தொழிலில் பலரும் நினைத்தது என்ன? வெள்ளைச் சிலிண்டரைக் கழற்று, நீலச் சிலிண்டரை மாட்டு, முடிந்தது வேலை. அந்த டாக்சிக்காரர் போன பட்டறையிலும் அதுதான் நடந்திருக்கிறது.

கம்ப்ரசரைக் கழற்றி, எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தேன். தெளிந்த எண்ணெய் வரவேண்டிய இடத்தில் இரண்டு சொட்டுக் கறுத்த பசை வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறத்தது. வெயிலில் பிடித்தால் மினுங்கியது. அந்த மினுக்கம் பிஸ்டன் தேய்ந்த அலுமினியத் தூள். கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் ஓடித் தன்னையே தின்றிருக்கிறது.

எண்ணெய் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. கூலிங் காயிலின் அடியில் தேங்கிக் கிடந்தது. ஆர்-12 வண்டியில் இருப்பது மினரல் எண்ணெய். அது ஆர்-12-ல் சுடுசோற்றில் நெய்போல இறங்கிக் கலந்து, வாயு போகிற இடமெல்லாம் போய்க் கம்ப்ரசருக்குத் திரும்பிவரும். ஆர்-134ஏ-யோடு அது சேராது. தண்ணீரில் விட்ட நல்லெண்ணெய்போலத் தனியே நிற்கும். வாயு சுற்றிவரும், எண்ணெய் வராது. அதனால் புது வாயுவுக்குப் புது எண்ணெய் வேண்டும். பேக் என்றும் எஸ்டர் என்றும் இரண்டு வகை உண்டு. பேக் எண்ணெய் பழைய வாயு விட்டுப்போன குளோரினோடு ஒத்துப்போகாது என்பதால், மாற்றுகிற பழைய வண்டிக்குப் பெரும்பாலும் எஸ்டர் எண்ணெயே நல்லது. இரண்டுமே ஈரத்தை இழுக்கும், பேக் இன்னும் அதிகமாக இழுக்கும். கர்க்கடக மழையில் மூடாமல் வைத்த உப்பு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்தால் ஊற்றின கையோடு மூட வேண்டும்.

அடுத்தது டிரையர். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. பழைய வாயுவுக்கு எக்ஸ்ஹெச்-5 என்ற வகை, புதியதற்கு எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9. பழையதை அப்படியே விட்டால் மணிகள் பொடிந்து வால்வை அடைக்கும். அடுத்தது ஓ-ரிங். மூட்டுக்கு மூட்டு இருக்கும் பழைய ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டு, புது வாயுவுக்கும் எண்ணெய்க்கும் தாங்குகிற வளையங்களைப் போட வேண்டும். பெரும்பாலும் பச்சை நிறத்தில் வருபவை அவைதாம். புது வாயுவின் மூலக்கூறு சிறியது, பழைய ஹோஸ் பைப்பின் ரப்பர் வழியாகவே கசியக்கூடும். விரிசல் விட்ட ஹோஸை மாற்றாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

அடுத்தது அழுத்தம். வண்டி ஓடும்போது காற்று அடிக்கும், பிரச்சினை இல்லை. களியக்காவிளைச் சந்தை நாளில் நெரிசலில் நிற்கிற வண்டியை நினையுங்கள். தார்ச்சாலை கொதிக்கிறது, கண்டென்சர் 60 டிகிரிக்கு ஏறுகிறது. அந்தச் சூட்டில் ஆர்-12-ன் அழுத்தம் 15 பார் அளவில் இருக்கும், ஆர்-134ஏ-க்கு அது 17 பாரை நெருங்கும். பழைய கண்டென்சர் சூட்டை இறக்கிவைக்கத் திணறும். அதிலும் நம் கடற்கரையில் உப்புக்காற்று அடித்து அலுமினியத் தகடுகள் உளுத்த பலகைபோல உதிர்ந்துகிடக்கும். ஆகவே நல்ல கண்டென்சர், கூடுதலாக ஒரு மின்விசிறி, அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் சுவிட்சு, மூன்றும் வேண்டும். அந்தக் கான்டெசாவில் இன்னொரு தவறும் நடந்திருந்தது. மிச்சமிருந்த ஆர்-12-க்கு மேலேயே புதியதை அடைத்திருந்தார்கள். இரண்டும் கலந்தால் தனித்தனியே இருப்பதைவிட அழுத்தம் கூடும். பின்னால் மீட்டு எடுத்தாலும் அந்தக் கலவை எதற்கும் உதவாது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். கலந்துபோன வாயுவை மீட்புக் கருவி வைத்து ஒரு தனிச் சிலிண்டரில் இறக்கி, கலவை என்று எழுதி ஒட்டினேன். மீட்புச் சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு தடவை உபயோகத்துக்கு வரும் சிலிண்டரில் மீட்டதை அடைக்கவே கூடாது. கூலிங் காயிலையும் குழாய்களையும் அதற்கான கழுவுதிரவத்தால் அலசி, நைட்ரஜனால் ஊதி உலர்த்தினேன். வால்வை மாற்றினேன். வேறு கம்ப்ரசர், அளந்து ஊற்றிய எஸ்டர் எண்ணெய், புது டிரையர், புது வளையங்கள். பிறகு நைட்ரஜன் அடைத்து மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். சோதனைக்கு ஏர் கம்ப்ரசர் காற்றை அடைக்காதீர்கள் தம்பிகளே. அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் ஆர்-134ஏ தீப்பற்றக்கூடும்.

அந்தக் காலத்தில் கசிவு பார்க்க எங்களிடம் ஹாலைடு விளக்கு என்று ஒன்று இருந்தது. நீலச் சுடருக்குள் ஒரு செப்புத்தகடு சிவந்துகொண்டிருக்கும். அதன் ரப்பர்க் குழாயை ஒவ்வொரு மூட்டிலும் காட்டினால், வாயு கசிகிற இடத்தில் சுடர் பச்சையாக மாறும். அந்தப் பச்சைக்குக் காரணம் குளோரின். புது வாயுவில் குளோரின் இல்லாததால் விளக்கு எதையும் காட்டாது. எங்கள் ஆசான்மார் கண்போலக் காத்த கருவி அது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிய அன்று மனம் கனத்தது. ஆனால் அந்தப் பச்சைச் சுடர் அழகாக எரிந்ததே, வானத்தை அரிக்கும் பொருள் அங்கே இருந்ததால்தான்.

வேக்வம் பம்பை 45 நிமிடம் ஓட்டினேன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காற்றை முழுக்க இழுத்துவிட்டால் அது நம் அறைச்சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். வேக்வம் இழுப்பது அதற்காகத்தான். உள்ளே ஈரம் நின்றால் வால்வின் துளையில் ஐஸாக உறைந்து அடைக்கும், நாளடைவில் அமிலமாகிக் காயிலை அரிக்கும். பம்பை நிறுத்தி இருபது நிமிடம் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. சாயா குடிக்கப் போகலாம் என்று தோன்றும் நேரம் அது. போகக்கூடாது. அந்த இருபது நிமிடம்தான் பல ஆண்டுக் கசிவைத் தடுக்கிறது.

கடைசியில் வாயு. இங்கேதான் கைப்பழக்கம் உள்ள மூத்த மெக்கானிக்குகளும் சறுக்குகிறோம். பழைய வண்டிகளில் டிரையரின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். ஆர்-12 அடிக்கும்போது அதில் குமிழி ஓடும். குமிழி நின்று கண்ணாடி தெளிந்தால் அளவு சரி. இந்தக் கண்ணை எங்களுக்கு ஆசான்மார் தந்தார்கள். ஆர்-134ஏ-யில் அளவு சரியாக இருக்கும்போதும் அந்தக் கண்ணாடி கலங்கியே நிற்கும். தெளியட்டும் என்று அடித்துக்கொண்டே போனால் அளவு மீறிக் கம்ப்ரசர் சாகும். பழக்கம் சொல்வதைத் தள்ளிவைத்துவிட்டுத் தராசை நம்ப வேண்டும். பழைய வாயு 900 கிராம் என்றால் புதியது அதில் 80 சதவீதம், 720 கிராமில் தொடங்க வேண்டும். சிலிண்டரைத் தராசில் வைத்து எடை குறைவதைப் பார்த்து அடைத்தேன். பழைய திருகு வால்வுகளின்மேல் புது வாயுவுக்கான இணைப்பை நிரந்தரமாகப் பூட்டினேன். என்ன வாயு, என்ன எண்ணெய், எத்தனை கிராம், எந்தத் தேதி என்று எழுதி பானெட்டின் உள்ளே ஒட்டினேன். அந்தச் சீட்டு அடுத்த மெக்கானிக்குக்கு நான் எழுதும் கடிதம். அது இல்லாததால்தான் அந்த வண்டிக்கு அந்தக் கதி வந்தது.

"இவ்வளவு வேலை இருக்கா ஆசானே" என்று கேட்டார் டாக்சிக்காரர். "இருக்கு அண்ணே. இதுல ஒண்ணைக் குறைச்சாலும் நீங்க திரும்பி வருவீங்க" என்றேன்.

குறுக்குவழி ஒன்று உண்டு, அதைப் பற்றி எச்சரிக்காமல் போனால் பாவம். புரொப்பேன், பியூட்டேன் கலந்த வாயுவை, சிலர் சமையல் கேஸையே, எதையும் மாற்றாமல் அடைத்துவிடலாம் என்று சொல்வார்கள். குளிரும், அது உண்மை. ஆனால் கூலிங் காயில் இருப்பது உங்கள் முழங்காலுக்கு முன்னால். அது கசிந்தால், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் எரிவாயு நிறையும். தீப்பற்றும் வாயுவுக்கென்று வடிவமைக்காத வண்டியில் அதை அடைக்கக் கூடாது. குழந்தைகள் ஏறுகிற வண்டி அது.

இப்போது அந்த 'புஸ்' சத்தத்துக்கு வருகிறேன். 1989-ல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு அம்பாசடரின் வால்வை அழுத்தி வாயுவைத் திறந்துவிட எனக்குக் கற்றுத்தந்தார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். காற்றில்தானே போகிறது என்றோம். ஆர்-12 வானத்தில் சுமார் நூறாண்டு நிற்கும். அன்று நான் திறந்துவிட்டதில் பெரும்பகுதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. எனக்குப் பிறகும் இருக்கும். இதை நினைக்காமல் நான் ஓசோன் நாளைக் கடப்பதில்லை.

ஓசோனோடு கணக்கு முடியவில்லை. ஆர்-12 பூமியைச் சூடாக்கவும் செய்யும். நூறாண்டுக் கணக்கில் அது அதே எடைக் கரியமில வாயுவைவிட 10,900 மடங்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ ஆர்-12-ஐத் திறந்துவிடுவது, 4,700 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் 47,000 கிலோமீட்டர். ஒரு டாக்சிக்காரரின் மாதக்கணக்கான உழைப்பில் எரிகிற பெட்ரோலுக்கு ஈடான கேட்டை, நாங்கள் சில நிமிடத்தில் ஒரு விரலால் செய்திருக்கிறோம்.

புது வாயு நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஓசோனுக்கு நல்லது. சூட்டுக் கணக்கில் ஆர்-134ஏ-யும் 1,430 மடங்கு. ஒரு கிலோ போனால் 620 லிட்டர் பெட்ரோல். அதனால்தான் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் மறுபடி கூடி இந்த வகை வாயுக்களையும் குறைக்க ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-ல் அதை ஏற்றது. நமக்கு 2028-ல் அளவு உறையும், 2032 முதல் படிப்படியாகக் குறைந்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும். வெளிநாட்டுப் புது வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. அதன் சூட்டுக் கணக்கு மிகச் சிறியது, ஆனால் லேசாகத் தீப்பற்றும் தன்மை உடையது. இப்போது ஓடுகிற ஆர்-134ஏ வண்டியில் அதை எடுத்து அடைத்துப் பார்க்கும் சபலம் நமக்கு வரக்கூடாது. கான்டெசா தந்த பாடத்தை இன்னொரு வண்டியின் செலவில் படிக்க வேண்டாம்.

இன்று ஆர்-12 வண்டி என் பட்டறைக்கு வருவது அபூர்வம். அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் நின்றுபோயின. ஆனால் ஆர்-134ஏ வண்டி தெருத்தெருவாக நிற்கிறது. பங்குனி பிறந்ததும் "கொஞ்சம் கேஸ் அடிச்சு விடுங்க" என்று வரிசையில் வருகிறார்கள். கசிவைத் தேடாமல் அடித்துவிடுகிறோம். அடுத்த பங்குனியில் அதே வண்டி, அதே வார்த்தை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்துக் கூலி வாங்குவது தொழில் ஆகாது.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களிடம் மூன்று கேள்வியை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். ஏசி வேலைக்குப் போனால் கேளுங்கள்: கசிவு எங்கே என்று கண்டுபிடித்தீர்களா? உள்ளே இருந்த பழைய கேஸை எதில் பிடித்தீர்கள்? எத்தனை கிராம் அடைத்தீர்கள்? நீங்கள் கேட்டால் நாங்கள் செய்வோம். கேட்கிற வாடிக்கையாளர் பத்துப் பேர் இருந்தால் ஒரு பட்டறை மீட்புக் கருவி வாங்கும். இதற்குச் சற்றுக் கூடுதல் கூலி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

மனம் தளரவும் வேண்டாம். உலக நாடுகளின் விஞ்ஞானிகள் 2022-ல் பார்த்த கணக்கின்படி, உலகத்தின் பெரும்பகுதியில் ஓசோன் 2040 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பும், அன்டார்க்டிகாவில் 2066 வாக்கில். மொலினாவும் ரோலண்டும் எச்சரித்து எழுதினார்கள், நாடுகள் சேர்ந்து ஒப்பம் போட்டன, மேட்டூரில் உற்பத்தி நின்றது, பட்டறைகளில் சிலர் வால்வை மூடினார்கள். எல்லாம் சேர்ந்துதான் அந்த வானம் ஆறிக்கொண்டிருக்கிறது. இந்த வரிசையில் கடைசியில் நிற்பது மெக்கானிக்கின் கை. கடைசியில் நிற்பதால் அது சின்னக் கை அல்ல.

என் பட்டறையில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். பத்தொன்பது வயது. முதல் நாள் கேஜைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், ஒரு வால்வின் ஊசியை இமைப்பொழுது அழுத்திக் காட்டிவிட்டு விரலை எடுத்தேன். "இந்தச் சத்தம் எங்கே கேட்டாலும், என்ன வேலையில இருந்தாலும், போட்டுட்டு ஓடி வந்து அடைச்சுப்போடு மக்கா. யார் வண்டின்னு கேக்காதே" என்றேன். போன வாரம் பக்கத்து லேத்துப் பட்டறையில் நின்ற லாரியின் பிரேக்கிலிருந்து காற்று சீறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எச்சில் கையோடு எழுந்து ஓடினான். அது வெறும் காற்று என்று தெரிந்து திரும்பி வந்தான். அவனை உட்காரவைத்து, மிச்சச் சோற்றை முடிக்கச் சொன்னேன். அந்த ஓட்டம் எனக்குப் போதும்.